அத்தியாயம் 7: ஹெட்லைட், ஃபாக் லைட் – வயரிங்கை மாற்றிக் கட்டுதல்

ஹெட்லைட் மங்கிவிட்டது என்று தோன்றியதும் பெரும்பாலான பிக்கப்காரர்கள் நேராக உதிரிபாகக் கடைக்குப் போகிறார்கள். “அண்ணா, நூறு தொண்ணூறு பல்பு ரெண்டு குடுங்க” என்று வாங்கி, கடை வாசலிலேயே மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஒரு வாரம் நன்றாக இருக்கும். அதற்குப் பிறகு ஒரு நாள் பிளாஸ்டிக் கருகும் வாசனை வரும். திறந்து பார்த்தால் ஹோல்டர் உருகியிருக்கும். லைட் சுவிட்சும் சூடேறித் தளர்ந்திருக்கும். பல்புக்குக் கொடுத்த காசோடு ஹோல்டருக்கும் சுவிட்சுக்கும் செலவு செய்ய வேண்டும்.

பல்பில் கோளாறு இருப்பது அபூர்வம். வெளிச்சம் தொலைவது வயரில். ஆகவே இந்த அத்தியாயத்தில் பல்பு வாங்கச் சொல்லப்போவதில்லை. முதலில் மீட்டர் வைத்து அளக்கப் போகிறோம். அளவு தேவை என்று காட்டினால் ரிலே போடுவோம். ஃபாக் லைட் அதற்குப் பிறகுதான்.

இங்கே சொல்வதெல்லாம் 12 வோல்ட் பிக்கப்புக்கு, அதிலும் எச்-4 ஹாலஜன் பல்பு போட்ட ஹெட்லைட்டுக்கு. பழைய பொலேரோ பிக்கப் போன்ற வண்டிகளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். 24 வோல்ட் லாரிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. விளக்குகளை ஒரு கணினிப் பெட்டி இயக்கும் புதிய மாடல் வண்டியில் கம்பெனி வயரை எங்கேயும் வெட்டாதீர்கள். அத்தகைய வண்டிகள் சிலவற்றில் பல்புக்கு மின்சாரம் தொடர்ந்து போகாமல் துடிப்பு துடிப்பாகப் போகும். அதில் சாதாரண ரிலேயைக் கோத்தால் அது படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். பல்பு பியூஸ் போய்விட்டதாக டாஷ்போர்டில் எச்சரிக்கையும் வரலாம்.

முதலில் அளந்து பாருங்கள்

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, டிம் லைட்டைப் போட்டு, பேட்டரியின் இரண்டு முனைகளிலும் முள்ளை வையுங்கள். ஆல்டர்னேட்டர் நன்றாக இருந்தால் 13.8-க்கும் 14.4-க்கும் இடையில் காட்டும். 13-க்குக் கீழே இருந்தால் இந்த அத்தியாயத்தை மூடிவிட்டு ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பாருங்கள்.

அடுத்து பல்பில் அளக்க வேண்டும். கப்ளரைக் கழற்றிவிட்டு அளப்பது பலர் செய்யும் வேலை. அதனால் பயன் இல்லை. மின்சாரம் ஓடாதபோது வயரில் இழப்பும் இருக்காது, மீட்டர் முழு வோல்ட்டையும் காட்டி ஏமாற்றும். கப்ளர் மாட்டியபடியே, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே, கப்ளரின் பின்பக்கத் துவாரம் வழியாக முள்ளை நுழைத்துப் பல்பின் இரண்டு தகடுகளுக்கு இடையே அளக்க வேண்டும். பேட்டரியில் 13.8, பல்பில் 13.3 என்றால் கவலை இல்லை. பல்பில் 12-க்குப் பக்கத்தில் நின்றால் வேலை இருக்கிறது.

ஒன்றரை வோல்ட் பெரிய விஷயமா என்று கேட்கலாம். ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டுக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை. அதைவிட வேகமாக விழுகிறது. 13.5 வோல்ட்டில் எரிய வேண்டிய பல்புக்கு 12 வோல்ட் மட்டும் கிடைத்தால், வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். வோல்ட் கூடினாலும் சிக்கல்தான். 5 சதவீதம் கூடினாலே பல்பின் ஆயுள் பாதிக்குப் பக்கமாகக் குறைகிறது. மாதம் ஒரு பல்பு போகிறது என்றால் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டரைச் சந்தேகப்படுங்கள்.

இழப்பு எந்தப் பக்கம் என்றும் பார்த்துவிடுங்கள். கறுப்பு முள்ளைப் பேட்டரியின் நெகட்டிவில் வைத்து, சிவப்பு முள்ளைப் பல்பின் எர்த் தகட்டில் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. ஃபெண்டருக்கு உள்ளே எர்த் வயர் போல்ட் இறுக்கிய இடத்தில் துருப்பிடித்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் போக்கி, புதிய லக் வைத்து இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். இதிலேயே ரிலேவுக்கு ஆகும் செலவு மிச்சமாகும் வண்டிகள் உண்டு.

கண்ணாடியையும் ஒரு பார்வை பாருங்கள். மேலே மஞ்சள் பூத்திருந்தால் பாலிஷ் போட்டால் போகும். உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சு கருத்து உரிந்திருந்தால் எந்த வயரிங்கும் காப்பாற்றாது. அந்த ஹெட்லைட்டையே மாற்றுங்கள்.

ஏன் இழக்கிறது?

கம்பெனி வயரிங்கில் ஹெட்லைட்டின் முழு மின்சாரமும் பேட்டரியிலிருந்து டாஷ்போர்டுக்கு ஏறி, லைட் சுவிட்சுக்குள் புகுந்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள டிப் சுவிட்சைத் தாண்டி, மறுபடி முன்பக்கம் இறங்கி வருகிறது. பல வண்டிகளில் இன்னும் இப்படித்தான். எச்-4 பல்பில் பிரைட் 60 வாட், டிம் 55 வாட். இரண்டு பல்பும் பிரைட்டில் எரியும்போது 12 வோல்ட்டுக்கு 10 ஆம்பியர் ஓடும். முக்கால் சதுர மில்லிமீட்டர் வயர் 5 மீட்டர் நீளம் போனால், அந்த 10 ஆம்பியருக்கு வயரிலேயே 1.2 வோல்ட் கரைந்துவிடும். சுவிட்சின் தேய்ந்த காண்டாக்டில் போவது தனி. அதே தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 0.4 வோல்ட்டைத் தாண்டாது.

100/90 பல்பு செய்வது என்னவென்று இப்போது புரியும். 10 ஆம்பியருக்குப் பதிலாக 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. மெலிந்த வயரில் இழப்பும் அதே அளவு கூடுகிறது. வாங்கிய வாட்டில் ஒரு பகுதி வயரைச் சூடாக்கவே செலவாகிறது.

ரிலே இந்த நீண்ட பாதையைச் சுருக்குகிறது. தோட்டத்து மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் உள்ளே காண்டாக்டர் இழுத்துக்கொள்ள, மோட்டாரின் மின்சாரம் விரலுக்குப் பக்கத்தில் வராமலே போகிறதல்லவா, அதே ஏற்பாடுதான். டாஷ்போர்டு சுவிட்ச் ரிலேயின் காயிலுக்கு 150 மில்லி ஆம்பியர் அளவுக்கு மட்டும் அனுப்பினால் போதும். பெரிய மின்சாரம் பேட்டரியிலிருந்து ஒரு முழத் தூரத்தில் ரிலே வழியாகப் பல்புக்குப் போய்விடும்.

ஹெட்லைட்டுக்கு ரிலே

ரிலேயின் அடியில் எண்கள் பொறித்திருக்கும். டின் 72552 என்ற ஜெர்மன் தரத்தில் வந்த எண்கள் இவை. எந்தக் கம்பெனி ரிலே வாங்கினாலும் பெரும்பாலும் இதுவே இருக்கும். 30 பேட்டரியிலிருந்து வருவது. 87 விளக்குக்குப் போவது. 85, 86 இரண்டும் காயிலின் முனைகள். ஐந்து கால் ரிலேயில் 87ஏ என்று ஒன்று கூடுதலாக இருக்கும். ரிலே ஓய்வில் இருக்கும்போது 30-ஓடு தொட்டுக்கொண்டிருப்பது அது. ஃபாக் லைட் பகுதியில் அதற்கு வேலை வரும். உள்ளே டயோடு வைத்த ரிலே என்றால் 86-க்கு பாசிட்டிவ், 85-க்கு நெகட்டிவ் என்று மாறாமல் கொடுக்க வேண்டும்.

டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒரு ரிலே. இரண்டையும் ஒரே ரிலேயில் முடித்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். தனித்தனியாக இருந்தால், டிம் ரிலே செத்தாலும் பிரைட் போட்டு ஓரம் கட்ட முடியும்.

கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் ரிலே வயரிங் செட் மோசமில்லை. வெட்டு ஒட்டு எதுவும் இல்லாமல், ஒரு பக்க ஹெட்லைட்டின் பழைய கப்ளரை இதன் ஆண் முனையில் செருகினால் அதுவே ரிலேவுக்குச் சமிக்ஞை. ஹோல்டர் இரண்டும் பீங்கானில் இருக்கும் செட்டாகப் பார்த்து வாங்குங்கள். மறுபக்கத்துப் பழைய கப்ளர் சும்மா தொங்கும். அதில் மின்சாரம் வந்துகொண்டேதான் இருக்கும் என்பதால், டேப் சுற்றித் தண்ணீர் புகாமல் மேல்நோக்கிக் கட்டிவிடுங்கள்.

இத்தகைய செட்டுகளில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுண்டு. மொத்தத்துக்கும் ஒரே ஃபியூஸ். ஒரு பக்கத்து வயர் எங்கோ உரசி ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போய், இரண்டு விளக்கும் ஒரே நொடியில் அணையும். சமவெளியில் பிரேக் போட்டு நின்றுகொள்ளலாம். பர்லியாருக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில், பின்னால் ஒன்றரை டன் சுமையோடு அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் சொந்தமாகக் கட்டுபவர்கள் இப்படிக் கட்டுங்கள்: பேட்டரி பாசிட்டிவிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் வயர். பேட்டரியை விட்டு ஒரு சாண் தாண்டுவதற்குள் 30 ஆம்பியர் மெயின் ஃபியூஸ். அங்கிருந்து இரண்டு ரிலேயின் 30-க்கும். ஒவ்வொரு ரிலேயின் 87-லிருந்தும் இரண்டு கிளை, ஒவ்வொரு கிளைக்கும் ஒரு 10 ஆம்பியர் ஃபியூஸ், அதன்பின் 2.5 வயரில் பல்புக்கு. டிம் இடம், டிம் வலம், பிரைட் இடம், பிரைட் வலம் என நான்கு ஃபியூஸ். ஒன்று போனால் ஒரு கண்தான் மூடும். ஆறு இடம் கொண்ட சின்ன ஃபியூஸ் பெட்டி ஒன்று வாங்கினால் எல்லாம் ஒரே இடத்தில் அடங்கிவிடும்.

ஃபியூஸ் காப்பது வயரை, விளக்கை அல்ல. ஆகவேதான் அது பேட்டரிக்கு ஒட்டியே இருக்க வேண்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையே உள்ள துண்டு வயருக்கு எந்தக் காவலும் கிடையாது. அது பாடியில் உரசினால் தீதான்.

காயிலுக்குக் கோப்பதற்கு முன் ஒரு சோதனை. எச்-4 பல்பின் பின்னால் மூன்று தகடுகள்: டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. பொதுத் தகடு எல்லா வண்டியிலும் எர்த் என்று நினைத்துக்கொள்வது தவறு. ஜப்பானிய வழியில் வந்த பல வண்டிகளில் பொதுத் தகட்டுக்கு 12 வோல்ட் வரும். சுவிட்ச் எர்த்தைத்தான் கொடுத்தெடுக்கும். விளக்கைப் போட்டு, கறுப்பு முள்ளைப் பாடியில் வைத்து, மூன்றையும் தொட்டுப் பாருங்கள். பொதுத் தகட்டில் 12 வோல்ட் காட்டினால் உங்களுடையது எர்த் சுவிட்ச் வண்டி. அதில் காயிலின் ஒரு முனையைப் பொதுவுக்கும் மறுமுனையை டிம் அல்லது பிரைட் வயருக்கும் கொடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் இப்படிப்பட்ட வண்டியில் ரிலே போட்ட பிறகு டாஷ்போர்டில் பிரைட்டுக்கான நீல விளக்கு எரியாமல் போவதுண்டு. அதற்குத் தனியாக ஒரு வயர் இழுக்க வேண்டியிருக்கும்.

வயர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். வீட்டு வயரிங்கில் மிஞ்சியதைக் கொண்டுவந்து போடாதீர்கள். வண்டி அதிர்வில் தடித்த இழைகள் ஒவ்வொன்றாக முறியும். மெல்லிய பல இழைகள் கொண்ட ஆட்டோ வயரே கேளுங்கள். முறுக்கி டேப் ஒட்டும் பழக்கத்தை இதோடு விட்டுவிடுங்கள். லக்கைக் கிரிம்பிங் பிளையரால் அழுத்தி, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். இன்ஜின் பக்கம் போகும் வயர் முழுவதையும் வரிவரியான கறுப்புக் குழாய்க்குள் விடுங்கள். சைலன்சருக்கும் ஃபேனுக்கும் எட்டாத தூரத்தில் கட்டுங்கள். ரிலேயின் கால்கள் கீழ்நோக்கி இருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே தேங்காது. வேலை தொடங்கும்போது பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். முடிந்ததும் கடைசியாக மாட்டுங்கள்.

ஃபாக் லைட்

கோத்தகிரி, குன்னூர், வால்பாறை, கொடைக்கானல் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கே இது உண்மையில் தேவை. சமவெளியில் மட்டும் ஓடும் வண்டிக்கு இது அலங்காரம். அந்தப் பணத்துக்கு நல்ல வைப்பர் பிளேடு வாங்கலாம்.

பனிமூட்டத்தில் பிரைட் போட்டால் கண்முன் வெள்ளைச் சுவர்தான் தெரியும். கண்ணின் மட்டத்துக்குப் பக்கமாகப் போகும் ஒளியைப் பனித்துளிகள் திருப்பி அடிக்கின்றன. ஃபாக் லைட்டின் கற்றை தட்டையாக, அகலமாக, மேல்விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருப்பதும், அதைத் தாழ்வாக மாட்டுவதும் இதற்காகத்தான். சாலையின் வெள்ளைக்கோடும் ஓரமும் தெரிந்தால் அதன் வேலை முடிந்தது. தூரத்தைக் காட்டுவது அதன் பொறுப்பல்ல. மேற்கூரையில் ஃபாக் லைட் என்று சொல்லிச் சிலர் மாட்டும் விளக்குகள் பனியில் செய்வது நேர் எதிரான வேலை. மஞ்சள் நிறம் பனியைத் துளைக்கும் என்பதும் வெறும் பேச்சு. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை. எந்த நிறமானாலும் ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சளில் கண் கூச்சம் குறைவு என்று தோன்றினால் தாராளமாகப் போடுங்கள். கற்றையின் வடிவமே முக்கியம். கண்ணாடியில் ஆங்கில பி எழுத்தோ எஃப்3 என்றோ தரக் குறியீடு பொறித்திருந்தால் அது உண்மையான ஃபாக் லைட். எதுவும் இல்லாத, எட்டு எல்.இ.டி. வைத்த சதுரப் பெட்டி எல்லாத் திசையிலும் ஒளி வீசும் வேலை விளக்கு.

மாட்டும் இடம் பம்பர். தரையிலிருந்து விளக்கின் கீழ்விளிம்பு 25 சென்டிமீட்டருக்குக் குறையாமலும், மேல்விளிம்பு 80-ஐத் தாண்டாமலும் இருக்கட்டும். முன்னால் கம்பி கார்டு போட்டு அதில் மாட்டலாம் என்று நினைக்காதீர்கள். அத்தகைய புல் பார்களை 2017 டிசம்பரில் மத்திய அரசு அனுமதியற்ற மாற்றம் என்று அறிவித்துவிட்டது.

இரண்டு 55 வாட் விளக்குக்கு 9 ஆம்பியர் ஆகும். பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ், ரிலேயின் 30, அதன் 87-லிருந்து 2.5 வயரில் இரண்டு விளக்குக்கும். விளக்குகளின் எர்த்தை பம்பரில் கொடுக்காதீர்கள், சேஸிசுக்கே கொண்டுபோங்கள். 85 எர்த்துக்கு. 86-க்கு வரும் சமிக்ஞையை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடுகள்.

நேராக பேட்டரியிலிருந்து சுவிட்சுக்கு எடுப்பது சுலபம். ஆனால் இரவு அணைக்க மறந்தால் காலையில் வண்டியைத் தள்ள வேண்டும். 60 ஆம்பியர் ஹவர் பேட்டரியை அந்த இரண்டு விளக்கும் ஏழு மணி நேரத்தில் காலி செய்யும். டிம் வயரிலிருந்து எடுத்தால் டிம் எரியும்போது மட்டுமே ஃபாக் எரியும். நான் பார்க் லைட் வயரிலிருந்து எடுக்கச் சொல்வேன். மிக அடர்ந்த பனியில் டிம்மின் ஒளிகூடக் கண்ணைத் திருப்பி அடிக்கும். அப்போது பார்க்கும் ஃபாக்கும் மட்டும் போட்டு ஊர்ந்து போக முடியும். மெயின் சுவிட்சை அணைத்தால் ஃபாக்கும் சேர்ந்தே அணையும். பார்க் வயர், அதிலிருந்து டாஷ்போர்டில் ஒரு சிறிய சுவிட்ச், அதிலிருந்து 86. வயரை கேபினுக்குள் கொண்டுபோகும் தகரத் துளையில் ரப்பர் கிரோமெட் கட்டாயம்.

கம்பெனியிலேயே ஃபாக் லைட்டோடு வரும் பல பிக்கப்களில் பிரைட் போட்டதும் ஃபாக் அணைந்துவிடும். அதை மாற்றி, பிரைட்டோடு சேர்ந்து எரியும்படி செய்து தரச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். செய்து கொடுக்க ஒரு வயர் போதும். நான் பரிந்துரைக்க மாட்டேன். வண்டிக்கு மிக அருகில் தரை பளிச்சென்று இருந்தால் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகி, தூரத்து இருட்டில் நிற்பது தெரியாமல் போகும். பிரைட் போடுவதே தூரம் பார்க்கத்தானே.

அணையும் ஏற்பாடு உங்கள் புதிய வயரிங்கிலும் வேண்டுமென்றால் ஐந்து கால் ரிலே ஒன்று சேருங்கள். டாஷ்போர்டு சுவிட்சிலிருந்து வரும் வயரை அதன் 30-ல் கொடுத்து, 87ஏ-யிலிருந்து ஃபாக் ரிலேயின் 86-க்கு எடுங்கள். இந்த இரண்டாவது ரிலேயின் காயிலுக்குப் பிரைட் வயரும் எர்த்தும். பிரைட் வந்ததும் 87ஏ விடுபடும், ஃபாக் அணையும். டிப் செய்தால் தானே திரும்ப எரியும்.

சுவரில் அடித்துப் பார்த்தல்

வயரிங் முடிந்ததும் வெளிச்சம் கூடியிருக்கும். எதிரே வருபவரின் கண்ணில் படும் கூச்சமும் கூடியிருக்கும். சமதளத்தில் சுவருக்கு 10 மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்தி, விளக்கு மையத்தின் உயரத்தைச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். டிம்மின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழேயும், ஃபாக்கின் மேல்விளிம்பு அதன் மையக் கோட்டுக்கு 20 சென்டிமீட்டர் கீழேயும் நிற்க வேண்டும். நம் சாலையில் டிம்மின் கற்றை இடப்பக்கம் சற்று ஏறியிருக்கும். வலப்பக்கம் ஏறினால் அது அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ செய்த விளக்கு. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். சுமை ஏற்றினால் பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி மூக்கு உயரும். டாஷ்போர்டில் விளக்கு மட்டத்தைத் தாழ்த்தும் சக்கரம் இருந்தால் பாரம் ஏற்றியதும் திருப்புங்கள். இல்லாத வண்டியை, வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு நிறுத்தி அளவு வையுங்கள்.

மோட்டார் வாகன விதி 106-ன்படி, முன்விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக்கூடாது. ஸ்பாட் லைட், சர்ச் லைட்டுக்கு விதி 111 தடை போடுகிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்துக்குப் பிறகு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு, பொறுப்பு உரிமையாளருடையது. அதே 60/55 பல்பை வைத்து உள்ளே வயரை மட்டும் தடிமனாக்கினால் விளக்கு மாறுவதில்லை. ஹாலஜன் ரிஃப்ளெக்டருக்குள் எல்.இ.டி. பல்பைத் திணித்தால் கற்றையின் வடிவம் கெட்டு நாலாபக்கமும் கூசும், எஃப்.சி.க்குப் போகும் இடத்தில் முதலில் மாட்டுவது அதுதான். வாரண்டி காலம் முடியாத வண்டி என்றால் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. எந்த ஃபியூஸ் எதற்கு, எந்த நிற வயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து, லேமினேட் செய்து பானெட்டின் உள்பக்கம் ஒட்டுங்கள். டாஷ்போர்டு பெட்டியில் ஒரு ரிலே, 10, 15, 30 ஆம்பியரில் இரண்டிரண்டு ஃபியூஸ், ஒரு எச்-4 பல்பு, ஒரு சின்ன டார்ச் போட்டு வையுங்கள். பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் சீக்கிரம் வெடிக்கும். இரவு இரண்டு மணிக்கு மலைப்பாதையில் எந்தக் கடையும் திறந்திருக்காது.